ஜெனடிக் கவுன்சலிங் வந்த கதை

பெரிய ஆஸ்பத்திரிகளில் இப்போது ஜெனடிக் கவுன்சலர் என்று ஒருவர் இருக்கிறார். அந்தப் பெயர் எங்கே பிறந்தது என்று தேடிப் படித்தேன்.

அமெரிக்காவின் மினசோட்டாவில் சார்லஸ் டைட் என்றொரு டாக்டர். குறையுள்ளவர்கள் பிள்ளை பெறக்கூடாது என்று பிரசாரம் செய்தவர். மனவளர்ச்சி குன்றியவர்களுக்குக் கருத்தடை அறுவை செய்ய வழிவிட்ட 1925-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்னின்றவர். 1933-ல் ஹிட்லரைப் பாராட்டிக் கடிதம்கூட எழுதினார். தம் சொத்தை மினசோட்டா பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்தார். அதில் அவர் பெயரால் ஒரு ஆய்வு நிலையம் உண்டானது.

1947-ல் அதன் பொறுப்புக்கு வந்தவர் ஷெல்டன் ரீட். குறையோடு பிள்ளை பெற்றவர்கள், "அடுத்ததும் இப்படித்தான் பிறக்குமா?" என்று அவரிடம் கேட்டார்கள். வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கைச் சொன்னாரே தவிர, பெறு, பெறாதே என்று உத்தரவு போடவில்லை. ஜெனடிக் கவுன்சலிங் என்று பெயர் வைத்தவர் அவரே. 1969-ல் சாரா லாரன்ஸ் கல்லூரியில் இதற்கென்றே பட்டமேற்படிப்பு தொடங்கியது.

மாமன் மகள், அக்காள் மகள் என்று கட்டிவந்தவர்கள் நாம். மாமன் மகள் என்றால் சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணு பொது. அக்காள் மகள் என்றால் நாலில் ஒரு பங்கு. கவுன்சலர் கல்யாணத்தை நிறுத்த வரமாட்டார். பேச்சு எடுக்கும்போதே போய்க் கேட்டுக்கொள்ளுங்கள், முடிவு உங்களுடையதுதான்.