புதைத்தவர்கள் கேட்ட நினைவு: வார்சா கெட்டோவின் ரகசிய ஆவணகம்

யூத இனப்படுகொலையின் நினைவு எப்போது தொடங்கியது? 1961இல் ஜெருசலேமில் நாஜி அதிகாரி ஐக்மன் குற்றவாளிக் கூண்டில் நின்றபோதுதான் உயிர் தப்பியவர்கள் வாய் திறந்தார்கள் என்பது பலரும் சொல்லும் விடை. முதலில் மௌனம், பிறகு சாட்சியம் என்னும் இந்தக் காலவரிசை சொல்வதற்கு எளிது, ஆனால் சரியன்று. நினைவுகூரும் வேலையைக் கொல்லப்பட்டவர்களே, கொல்லப்படுவதற்கு முன்பே தொடங்கிவிட்டார்கள். எதை நினைக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அதில் பாதியைத்தான் நாம் காதில் வாங்கியிருக்கிறோம் என்பது என் வாதம்.

1940 நவம்பரில் வார்சாவில் கெட்டோ எனப்பட்ட யூதக் குடியிருப்பைச் சுற்றி எழுப்பிய சுவரின் வாயில்கள் அடைக்கப்பட்டன. சுமார் மூன்றரைச் சதுரக் கிலோமீட்டருக்குள் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர். அதே மாதம் இமானுவேல் ரிங்கல்பிளம் என்னும் வரலாற்றாசிரியர் சிலரைக் கூட்டி, அங்கே நடப்பதைப் பதிவுசெய்ய ஒரு ரகசியக் குழு அமைத்தார். சனிக்கிழமைகளில் கூடியதால் இத்திஷ் மொழியில் அதற்கு ‘ஒய்னெக் ஷாபெஸ்’ என்று பெயர். ‘ஓய்வுநாளின் இன்பம்’ என்று பொருள். ஜெர்மானியர் நியமித்த யூதக் குழுவுக்குக்கூட இது தெரியக்கூடாது என்பதில் கவனமாக இருந்தார்கள். ஆசிரியர், ரப்பி, பொருளியலாளர், எழுத்தாளர் என 60 பேர் வரை இதில் பங்கேற்றனர். பெரெட்ஸ் ஒபோசின்ஸ்கி கெட்டோவில் தபால்காரர். மாடிப்படி ஏறி இறங்கிய வீடுகளின் கதையையே எழுதிக் கொடுத்தார். ராகேல் அவுர்பாக் ஒரு கஞ்சித்தொட்டியை நடத்திக்கொண்டே எழுதினார்.

அவர்கள் சேர்த்தவற்றின் பட்டியல் விசித்திரமானது. உணவுப் பங்கீட்டு அட்டை, டிராம் சீட்டு, மிட்டாய் சுற்றிய தாள், நாடகச் சுவரொட்டி, பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரைகள். ஒரே வீட்டில் பல குடும்பங்கள் அடைந்து கிடந்ததால் யாருக்கு எத்தனை முறை மணி அடிக்க வேண்டும் என்று கதவில் எழுதி ஒட்டிய தாள்கூட உண்டு. இதைப் பொறுக்கியெடுத்தவர் பாவப்பட்டவர் அல்லர், சமூக வரலாற்றாசிரியர். கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடம் இதற்கு ஒரு மரபு இருந்தது. ஊர் ஊராகப் பழமொழியும் பாட்டும் கல்வெட்டும் சேகரிக்கும்படி பொதுமக்களை வரலாற்றாசிரியர் சைமன் டுப்னோவ் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அழைத்திருந்தார். 1925இல் தொடங்கிய யிவோ என்னும் யூத ஆய்வு நிறுவனம் அதை முறைப்படுத்தியது. ரிங்கல்பிளம் அந்தப் பள்ளியில் வளர்ந்தவர். ஆகவே ஒரே நிகழ்வைப் பலர் வாயிலாகப் பதிவுசெய்தார். கடத்தல், லஞ்சம், யூதக் காவலர்களின் கொடுமை, பணக்காரர்களின் கல்நெஞ்சு ஆகியவற்றையும் விடவில்லை. சொந்த மக்களின் அழுக்கை மறைக்கும் நினைவு அவருக்குத் தேவைப்படவில்லை.

1942 தொடக்கத்தில் வேலையின் தன்மை மாறியது. ஹெல்ம்னோ கொலை முகாமில் நச்சுப்புகை வண்டிகளில் கொல்லப்பட்டவர்களைப் புதைக்கும் வேலையிலிருந்து தப்பிய ஒருவர் வார்சா வந்து சேர்ந்தார். குழுவைச் சேர்ந்த ஹெர்ஷ் வாஸ்ஸரும் அவர் மனைவி புளூமாவும் அவரிடம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். போலந்துத் தலைமறைவு இயக்கம் வழியாகச் செய்தி லண்டன் போனது. ஜூனில் பிபிசி வானொலி போலந்து யூதர்களின் அழிப்பைப் பற்றிப் பேசியது. ஆனால் ஜூலை 22 அன்று தொடங்கிய பெரும் வெளியேற்றம் நிற்கவில்லை. இரண்டு மாதத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரெப்லிங்கா கொலை முகாமுக்கு ஏற்றப்பட்டனர். அந்த நாட்களிலேயே, ஆகஸ்ட் தொடக்கத்தில், இஸ்ரேல் லிக்டன்ஸ்டைன் என்னும் ஆசிரியரும் இரண்டு மாணவர்களும் நோவோலிப்கி தெரு 68ஆம் எண் பள்ளியின் அடியில் பத்துத் தகரப் பெட்டிகளைப் புதைத்தார்கள். 1943 பிப்ரவரியில் அதே இடத்தில் இரண்டு பால் கேன்கள்.

ரிங்கல்பிளம் 1944 மார்ச்சில் பதுங்கிடத்தில் பிடிபட்டு மனைவி, மகனோடு கொல்லப்பட்டார். குழுவில் போருக்குப் பின் மிஞ்சியவர்கள் மூவர்: அவுர்பாக், வாஸ்ஸர் தம்பதியர். தெருவே இல்லாத இடிபாட்டு மேட்டில் 1946 செப்டம்பரில் பெட்டிகள் கிடைத்தன. நீர் புகுந்து பல தாள்கள் கெட்டிருந்தன. பால் கேன்கள் 1950 டிசம்பரில் கட்டுமான வேலையின்போது அகப்பட்டன. அவற்றின் தாள்கள் நன்றாகவே இருந்தன. மொத்தம் சுமார் 35,000 பக்கங்கள்; 1999இல் யுனெஸ்கோ அதை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

இத்தனை கிடைத்தும் வரலாற்றெழுத்து நெடுங்காலம் கொன்றவர்களின் கோப்புகளையே நம்பியது. ரவுல் ஹில்பெர்கின் 1961ஆம் ஆண்டுப் பெருநூல் அதற்குச் சான்று. கொலை நிர்வாகம் எப்படி இயங்கியது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டிய நூல் அரிது. ஆனால் அதில் யூதர்கள் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே வருகிறார்கள். பாதிக்கப்பட்டவர் எழுத்து உணர்ச்சி கலந்தது, கொன்றவர் கோப்பு புறவயமானது என்ற எண்ணம் இதற்குப் பின்னால் இருந்தது. உண்மையில் ‘கிழக்கே குடியமர்த்தல்’ என்று பொய்ப்பெயர் எழுதியவை அந்தக் கோப்புகள்தாம். மணி எத்தனை முறை அடிக்க வேண்டும் என்ற தாளில் பொய் எதுவும் இல்லை.

நினைவுச் சடங்கு வேறொரு திசையில் தவறியது. இந்த இனப்படுகொலையைக் குறிக்கும் ‘ஹோலோகாஸ்ட்’ என்ற சொல்லின் கிரேக்க மூலத்துக்கு நிகராகத் தமிழ் விவிலியம் தரும் சொல் ‘சர்வாங்க தகனபலி’. சொல்லிப் பார்த்தாலே கூசுகிறது: பலி என்றால் ஏற்றுக்கொள்ள ஒரு தெய்வமும் ஈடேற ஒரு நோக்கமும் வேண்டும். வார்சாவின் இத்திஷ் பேசிய யூதர்கள் இதை ‘ஹுர்பன்’ என்றார்கள். எருசலேம் ஆலயம் இடிந்ததற்கு வழங்கிய பழஞ்சொல், அழிவு என்று மட்டும் பொருள். 2005இல் ஐ.நா. அவை நினைவு நாளாக அறிவித்த ஜனவரி 27 ஆஷ்விட்ஸ் முகாம் விடுவிக்கப்பட்ட நாள். மெழுகுவத்தியும் ஆறு மில்லியன் என்ற எண்ணும் அந்நாளில் தவறாமல் வருகின்றன. தேவைதான். ஆனால் மாண்டவர்களைப் புனிதர்களாக்கும்போது, ஒருவரோடொருவர் சண்டையிட்டு, கடத்தி, நாடகம் பார்த்து, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வாழ்ந்த ஒரு சமூகம் இரண்டாம் முறை காணாமல் போகிறது.

அந்த ஆவணகத்துக்கு மூன்றாவது புதையல் ஒன்றும் உண்டு. 1943 ஏப்ரலில் நடந்த கெட்டோ எழுச்சிக்குச் சற்று முன் ஷ்வியென்டோயெர்ஸ்கா தெருவில், தூரிகைப் பட்டறை இருந்த இடத்தில் அதைப் புதைத்ததாகக் கருதுகிறார்கள். இன்று அங்கே சீனத் தூதரகம் இருக்கிறது. தோட்டத்தைத் தோண்டியும் பார்த்தார்கள், அகப்படவில்லை.