கிறவற் பாதைகளும் துவிச்சக்கர வண்டியும்: பிரெஞ்சு நாட்டுப்புற வரலாற்றின் ஓர் அம்சம்

வீதிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றை அமைக்குமாறு ஆணையிட்டோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கல் சுமந்தோரும் குழி நிரப்பியோரும் அதில் இடம்பெறுவது அரிது. இன்று பிரான்சின் நாட்டுப்புறங்களில், தார் இடப்படாத கிறவற் பாதைகளை நாடித் துவிச்சக்கர வண்டியிற் செல்வோர் தொகை பெருகி வருகின்றது. அகன்ற ரயர் பூட்டிய வண்டிகளில் திராட்சைத் தோட்டங்களையும் காடுகளையும் கால்வாய்க் கரைகளையும் ஊடறுத்துச் செல்லும் இப்பயணம் ஓய்வுநேரப் பொழுதுபோக்காகவே பொதுவாக நோக்கப்படுகின்றது. ஆயின் இப்பாதைகள் யாருடைய உழைப்பால் உருவாயின, ஏன் தார் இடப்படாது எஞ்சின, இன்று யாருக்கு உரியன என்னும் வினாக்கள் எழும்போது, அவை நாட்டுப்புற மக்களின் சமூக வரலாற்றுக்குள் நம்மை இட்டுச் செல்கின்றன. அவ்வினாக்களைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கட்டாய உழைப்பும் அரச வீதிகளும்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிரெஞ்சு வீதிகள் ஐரோப்பாவில் மிகச் சிறந்தவை எனப் போற்றப்பட்டன. 1747 இல் பாரிசில் நிறுவப்பட்ட பாலங்கள், வீதிகளுக்கான கல்லூரி இதற்கு வேண்டிய பொறியியலாளரைப் பயிற்றுவித்தது. எனினும் அவ்வீதிகளின் அடித்தளம் ‘கொர்வே’ எனப்பட்ட ஊதியமற்ற கட்டாய உழைப்பேயாகும். 1738 இல் நிதி அமைச்சராயிருந்த ஒரி விடுத்த அறிவுறுத்தலின் மூலம் இம்முறை நாடளாவிய நிலையில் ஒழுங்குபடுத்தப்பட்டது. வீதிக்கு அண்மையில் வாழ்ந்த குடியானவர் ஆண்டுதோறும் குறித்த நாட்களில், தம் வண்டிகளுடனும் மாடுகளுடனும் வந்து உழைக்க வேண்டியிருந்தது. பிரபுக்களும் குருமாரும் இக்கடமையினின்றும் விலக்களிக்கப்பட்டிருந்தனர்.

இக்கட்டாய உழைப்பு வீதியமைப்பின் நுட்பத்தையும் பாதித்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. ஆண்டில் இருமுறை மாத்திரமே ஆட்களைத் திரட்ட முடிந்தமையால், இடைக்காலத் தேய்வைத் தாங்கும் பொருட்டுக் கற்படையை மிகத் தடிப்பாக இட வேண்டியிருந்தது. லிமோசு மாகாணத்தில் தலைமைப் பொறியியலாளராகக் கடமையாற்றிய திரெசாகே இந்நிலையை மாற்ற முனைந்தார். அங்கு அரச ஆணையாளராக விளங்கிய துர்கோ, கொர்வேயை விடுத்து வரிப்பணத்தின் மூலம் வீதி வேலைகளை நடாத்தி வந்தார். கூலி பெறும் தொழிலாளர் ஆண்டு முழுவதும் பராமரிப்பில் ஈடுபடக் கூடியதாயிருந்தமையால், மெல்லிய படையே போதுமானதாயிற்று. அடியிற் பெருங்கற்களை நிமிர்த்தி அடுக்கி, அதன்மேல் சிறு கற்களைப் பரப்பி, மேற்பரப்பில் உடைத்த கடுங்கற்களை இட்டு, மழைநீர் இருமருங்கும் வடியுமாறு நடுவை உயர்த்தும் முறையைத் திரெசாகே 1775 இல் எழுதிய அறிக்கையில் விளக்கினார். தொழிலாளரின் நிலை மாறியபோதே தொழில்நுட்பமும் மாறியது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

பின்னர் நிதி அமைச்சரான துர்கோ 1776 இல் கொர்வேயை நாடு முழுவதிலும் ஒழித்தார். ஆயின் சலுகை பெற்ற வகுப்பினரின் எதிர்ப்பால் அவர் சில மாதங்களிற் பதவியிழக்க, அதுவும் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. புரட்சிக்கு இரண்டாண்டுகளின் முன்னர், 1787 இலேயே அது முற்றாக நீக்கப்பட்டது. அக்காலத்தே பிரான்சிற் பயணஞ் செய்த ஆங்கிலேயராகிய ஆதர் யங், வீதிகளின் சிறப்பைப் பாராட்டிய அதேவேளை, அவற்றிற் போக்குவரத்து அருகிக் காணப்பட்டதையும் வியப்புடன் பதிவு செய்துள்ளார். அவ்வீதிகள் அரசின் தேவைக்காக அமைந்தவை. உழுது வாழ்ந்தவனின் வயலுக்கும் சந்தைக்கும் இடையிலான பாதையோ சேறாகவே கிடந்தது.

1836 ஆம் ஆண்டுச் சட்டமும் விடுபட்ட பாதைகளும்

இச்சேற்றுப் பாதைகளின்பால் அரசின் கவனத்தை உறுதியாகத் திருப்பியது 1836 மே 21 ஆந் திகதியச் சட்டமாகும். ஊர்களை இணைக்கும் பாதைகளைப் பராமரிக்கும் பொறுப்பை ஒவ்வொரு கிராமசபைக்கும் இது கட்டாயமாக்கியது. பதினெட்டுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதுடைய உடல்நலமுள்ள ஆண்கள் ஆண்டுக்கு மூன்று நாள் வரை உழைக்க வேண்டும், அன்றேல் அதற்கீடான பணத்தைச் செலுத்த வேண்டும் என விதிக்கப்பட்டது. புரட்சிக்கு முன் ஒழிந்த கொர்வே மறுவடிவில் வந்ததெனக் குடியானவர் சிலர் கருதியதில் வியப்பில்லை. எனினும் முன்னையதற்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. இங்கு உழைத்தவன் தன் ஊர்ப் பாதைக்காகவே உழைத்தான். பொருள் படைத்தோரும் சட்டத்தின் முன் விலக்குப் பெறவில்லை.

ஆயின் இச்சட்டம் ஊர்ப் பாதைகள் அனைத்தையும் தழுவவில்லை. முக்கியமானவை எனத் தெரிந்தெடுக்கப்பட்டவையே கட்டாயப் பராமரிப்புக்கு உள்ளாயின. வயலுக்கும் காட்டுக்கும் நீரோடைக்கும் செல்லும் எண்ணிறந்த பாதைகள் புறத்தே விடப்பட்டன. அவற்றுக்கெனத் தனிச் சட்டம் 1881 இலேயே இயற்றப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் தார் பரவியபோது முதல் வகைப் பாதைகள் பெரும்பாலும் கறுத்துப் போயின. இரண்டாம் வகையினவே மண்ணும் கல்லுமாக எஞ்சின. ஆகவே இன்று கிறவற் பயணிகள் நாடிச் செல்லும் பாதைகளிற் பல, அரசினால் முக்கியமற்றவை என ஒதுக்கப்பட்டவையே.

துவிச்சக்கர வண்டியின் வருகை

1869 நவம்பரிற் பாரிசிலிருந்து ரூவான் வரை நடைபெற்ற போட்டியிற் கலந்துகொண்டோர் கடின சக்கரங்கள் கொண்ட வண்டிகளிலேயே சென்றனர். காற்றடைத்த ரயரின் வருகை இந்நிலையை மாற்றியது. 1891 இல் பாரிசிலிருந்து பிரெஸ்து சென்று மீளும் ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர் போட்டியில், மிசலின் நிறுவனத்தின் கழற்றி மாட்டக்கூடிய ரயர்களைப் பயன்படுத்திய சார்ல் தெரோன் மூன்று நாட்களுக்குள் வெற்றி பெற்றார். 1903 இல் தொடங்கிய ‘தூர் த பிரான்சு’ போட்டியும் புழுதி வீதிகளிலேயே நிகழ்ந்தது. 1910 இல் பிரனீசு மலைகளின் தூர்மலே கணவாய்க்குப் போட்டியாளர் அனுப்பப்பட்டபோது, அங்கிருந்தது கரடுமுரடான கற்பாதையே. தூசியை அடக்கும் பொருட்டு வீதியில் தார் இடும் முயற்சி 1902 இல் மொனாக்கோவிலேயே தொடங்கியிருந்தது. கிறவற் பயணம் புதுமையானது எனக் கூறுவோர், அன்றைய சைக்கிளோட்டம் முழுவதும் கிறவற் பயணமே என்பதை மறந்துவிடுகின்றனர்.

போட்டியின் புகழுக்கு அப்பால் மற்றொரு மரபும் வளர்ந்தது. செந்த்-எத்தியென் நகரைச் சேர்ந்த போல் த விவி (1853 - 1930), ‘வெலோசியோ’ என்னும் புனைபெயரில் எழுதியவர், 1887 இல் சைக்கிள் பயணத்துக்கென ஒரு சஞ்சிகையைத் தொடங்கினார். பல்வகைப் பற்சக்கர மாற்றிகளையும் அகன்ற ரயர்களையும் அவர் வற்புறுத்தினார். சாதாரண உடல்வலுவுள்ள மனிதனும் மலைப்பாதைகளிற் செல்ல வேண்டும் என்பதே அவர் கருத்து. ‘தூர் த பிரான்சு’வின் நிறுவுநரான ஹென்றி தெகிரான்சோ, பற்சக்கர மாற்றி முதியோருக்கே உரியது என எள்ளினார், அப்போட்டியில் 1937 வரை அதற்கு இடமளிக்கப்படவில்லை. வீரனின் தசை வலிமையா, பொதுமனிதனின் பயண உரிமையா என்னும் இரு நோக்குகளின் முரண்பாடு இதிற் புலனாகின்றது.

1936 இல் மக்கள் முன்னணி அரசு தொழிலாளருக்கு இரு வாரச் சம்பளத்துடனான விடுமுறையைச் சட்டமாக்கியபோது பின்னைய நோக்கு வெகுசன ஆதரவு பெற்றது. ஆலைத் தொழிலாளர் பலர் சைக்கிளேறி முதன்முறையாகக் கடலையும் மலையையும் கண்டனர். ஒரு காலத்திற் கட்டாய உழைப்பின் களமாயிருந்த நாட்டுப்புறப் பாதை, உழைப்பாளியின் ஓய்வுக்குரிய களமாக மாறிய தருணம் அதுவாகும்.

அழிவும் மீட்பும்

1941 ஆம் ஆண்டுச் சட்டத்தை அடியொற்றி, உலகப் போரின் பின்னர் பெருமளவில் முன்னெடுக்கப்பட்ட நில ஒன்றிணைப்புத் திட்டம், சிதறிய வயற்றுண்டுகளை உழவு யந்திரங்களுக்கு ஏற்ற பெரும் பரப்புகளாக மாற்றியது. உற்பத்தி பெருகியது உண்மையே. ஆயின் வேலிமரங்களும் அவற்றினிடையே ஓடிய தாழ்ந்த பாதைகளும், குறிப்பாகப் பிரித்தானி மாநிலத்தில், பெருமளவில் அழிந்தன. சட்டமும் இப்பாதைகளுக்கு உறுதியான காப்பு அளிக்கவில்லை. 1959 ஆம் ஆண்டு ஆணையின்படி வகுக்கப்பட்டவாறு, நாட்டுப்புறப் பாதை கிராமசபையின் தனிச்சொத்தாகவே கொள்ளப்படுகின்றது. பொதுவீதிக்கு இல்லாத ஆபத்து இதற்கு உண்டு: அயல் நிலவுடைமையாளர் ஒருவர் முப்பதாண்டுகள் அதனை உழுது அனுபவித்து வந்தால், உரிமை கோர இடமுண்டு. மக்கள் நடமாடுவதே பாதை பொதுப்பயன்பாட்டுக்குரியது என்பதற்கான சட்டச் சான்றுகளுள் ஒன்றாகும். நடப்பாரற்ற பாதை உரியவரற்ற பாதையாகிவிடும் அபாயம் இதனால் எழுகின்றது.

இவ்வழிவுக்கு எதிரான முயற்சிகளும் எழுந்தன. 1983 ஆம் ஆண்டுச் சட்டம், நடைபாதைகளுக்கான திட்டங்களை வகுக்கும் பொறுப்பை மாவட்ட சபைகளிடம் ஒப்படைத்தது. அத்திட்டத்தில் அடங்கிய பாதையை மாற்றுவழி அமைக்காது விற்றல் இயலாது. 1984 இல் பிரித்தானியின் லெயோன் பகுதியில் தொடங்கிய ‘த்ரோ-ப்ரோ லெயோன்’ போட்டி, உழவர் பாதைகளையே களமாகக் கொண்டது. பிரெத்தோன் மொழியிற் கற்பிக்கும் தீவான் பாடசாலைக்கு நிதி திரட்டுவதே அதன் தொடக்க நோக்கமாயிருந்தது. அரசினாற் புறக்கணிக்கப்பட்ட பாதையும் அவ்வாறே புறக்கணிக்கப்பட்ட மொழியும் ஒரே முயற்சியில் இணைந்தமை சிந்தனைக்குரியது. 1997 இல், பர்கண்டியில் கைவிடப்பட்ட புகையிரதப் பாதையொன்று ஜீவ்ரிக்கும் குளுனிக்கும் இடையே 44 கிலோமீற்றர் தூரப் பசும்பாதையாக மாற்றப்பட்டது. 2022 இல் நிறைவேறிய சட்டமொன்று, கிராமசபை தன் பாதைகளைக் கணக்கெடுக்கும் காலத்தில் அயலவரின் நீண்டகால அனுபவ உரிமை எண்ணப்படாது நிறுத்தி வைக்க வழிசெய்தது. 2024 இல் ‘தூர் த பிரான்சு’வே துருவா நகரைச் சூழ்ந்த வெண்ணிறக் கிறவற் பாதைகளிற் பதினான்கு பகுதிகளைத் தன் வழியிற் சேர்த்துக்கொண்டது.

எனினும் இம்மீட்சியை அளவுக்கு மீறிப் புகழ்தல் பொருந்தாது. விலையுயர்ந்த வண்டியில் விடுமுறைக்கு வருவோனுக்கும், அதே பாதையில் அன்றாடம் உழவு யந்திரத்தைச் செலுத்துவோனுக்கும் அப்பாதை ஒரே பொருளுடையதன்று. பயணிகளின் விருப்புக்காக மட்டும் காக்கப்படும் பாதை, அவ்விருப்பு மாறும்போது மீண்டும் கைவிடப்படலாம். கிராமசபையின் கணக்கெடுப்பும், உழவனின் பயன்பாடும், பயணியின் வருகையும் ஒன்றிணையும் இடத்திலேயே அது நிலைபெறும். கொர்வேயிலும் மூன்று நாட் கடமையிலும் உழைத்த குடியானவரின் பெயர்கள் எக்கல்வெட்டிலும் இல்லை. அவர்கள் பரப்பிய கற்கள் ஆங்காங்கே இன்றும் எஞ்சியிருக்கின்றன. அக்கற்களைப் பொதுச்சொத்தாகப் பேணுவதா, அயல் வயலுக்குள் மறைய விடுவதா என்பதை ஒவ்வொரு கிராமசபையும் இன்று தீர்மானிக்க வேண்டியுள்ளது.