படைவீரர் காலணி: வழங்கலும் பேணலும் – புனே படைமுகாமை முன்வைத்து

முன்னுரை

பண்டைத் தமிழ் இலக்கியம் வீரனின் காலைக் கழலால் அடையாளப்படுத்துகிறது. கழல் புகழின் சின்னம். பாதத்தைக் காக்கும் பொருளன்று. பாதத்தைக் காக்கும் தோலைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் உழைப்போர் வாழ்வை ஒட்டியே வருகின்றன. தொடுதோல் அணிந்து அணிந்து வடுப்பட்ட இடையனின் அடியைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. புறநானூற்றின் 257ஆம் பாடல், பகைவரை உறுத்தும் மறவன் ஒருவனைச் செருப்புக்குள் புகுந்த சிறு பரலோடு ஒப்பிடுகிறது. நடப்பவனுக்கு ஒரு சிறு கல்லும் பெரும் பகையாகும் என்ற பட்டறிவு இவ்வுவமையின் அடியில் உள்ளது.

படைவரலாறு எழுதியோர் ஆயுதங்களுக்குத் தந்த இடத்தைக் காலணிக்குத் தந்ததில்லை. எனினும் காலாட்படையின் இயக்கம் காலையே சார்ந்தது. காலணியின் விலையை யார் ஏற்பது, அதனை யார் செப்பனிடுவது, தேய்ந்ததற்கு மாற்று எப்போது கிடைப்பது ஆகிய மூன்று வினாக்களுக்கு ஓர் அரசு தரும் விடை, அது தன் படைவீரனை எவ்வாறு மதிக்கிறது என்பதற்கு அளவுகோலாகும். தென்னிந்தியப் படைநிருவாகத்தின் தலைமையிடமாக விளங்கும் புனேயை மையமாகக் கொண்டு இவ்வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

கும்பினிப் படையும் காலணியும்

புனேயின் இராணுவ வரலாற்றில் தமிழகத்தின் பங்கு தொடக்கத்திலேயே அமைந்துவிட்டது. 1803ஆம் ஆண்டு ஆர்தர் வெல்லெஸ்லி, பேஷ்வா இரண்டாம் பாஜிராவை மீண்டும் ஆட்சியில் அமர்த்தும் பொருட்டு, மைசூர் எல்லையிலிருந்து புனே நோக்கிப் படைநடத்திச் சென்றார். அப்படையில் சென்னை மாகாணச் சிப்பாய்கள் இருந்தனர். அவ்வாண்டிலேயே அகமதுநகர், அசாயே, அர்கான் ஆகிய இடங்களில் நிகழ்ந்த போர்கள் யாவும் நெடுநடைப் பயணங்களின் முடிவில் நிகழ்ந்தவையே.

அக்காலச் சிப்பாய்க்குச் சிவப்புச் சட்டையும் துப்பாக்கியும் கும்பினியார் தந்தனர். எஞ்சிய உடைமைகளுள் பலவற்றிற்கான செலவு அவனது ஊதியத்தில் பிடித்தம் செய்யப்பட்டது. சென்னைச் சிப்பாயின் காலில் இருந்தது பெரும்பாலும் நாட்டுச் செருப்பே. அது அறுந்தால் வழியில் அகப்பட்ட சக்கிலியரோ மோச்சியோ தைத்துக் கொடுத்தனர். படையின் நடை, படைக்கு வெளியே இருந்த ஊர்த் தொழிலாளரை நம்பியிருந்தது எனலாம்.

இச்சூழலில் 1806 சூலை 10ஆம் நாள் நிகழ்ந்த வேலூர்க் கிளர்ச்சி கருதத்தக்கது. புதிய தலைப்பாகையில் வைக்கப்பட்ட தோல் குஞ்சமும், சமயக் குறிகளையும் தாடியையும் நீக்குமாறு இட்ட ஆணையும் கிளர்ச்சிக்குரிய காரணங்களுள் அடங்கும். காலில் அணியத் தகுந்த தோல், தலையில் ஏறியபோது அவமதிப்பாயிற்று. உடலின் எப்பகுதியில் எப்பொருள் இருக்கலாம் என்பதைச் சாதியும் சமயமும் வரையறுத்திருந்த சமூகத்தில், சீருடை விதி வெறும் நிருவாக விதியாக இருக்க இயலாது என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

தோலின் வழி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆணி அடித்த தடித்த அடித்தோலும் குதிகாலில் இரும்பு லாடமும் கொண்ட கணுக்கால் பூட்ஸ் ஆங்கிலப் படையில் நிலைபெற்றது. ‘அம்யூனிஷன் பூட்’ என வழங்கிய இவ்வகை, பின்னர் இந்தியப் படைக்கும் உரியதாயிற்று. இதனைப் பெருமளவில் உருவாக்கக் கான்பூரில் அரசுச் சேணத் தொழிற்சாலையும் கூப்பர் ஆலன் நிறுவனமும் இயங்கின. புனேக்கு அருகிலுள்ள மும்பையில் ஆதம்ஜி பீர்பாயின் தோல் ஆலை இராணுவத்திற்குரிய காலணிகளையும் தோற்பொருள்களையும் ஆக்கித் தந்தது.

அவ்வாலை அமைந்த தாராவி–சயான் வட்டாரம் தமிழருக்கு அயலிடமன்று. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து சென்ற ஆதிதிராவிடத் தொழிலாளரும் தமிழ் முசுலிம் வணிகரும் தாராவியின் தோல் பதனிடும் தொழிலை வளர்த்தவர்கள். தமிழகத்திலேயே வாணியம்பாடி, ஆம்பூர், திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி, பல்லாவரம் முதலிய ஊர்களில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோல், ‘கிழக்கிந்தியத் தோல்’ என்னும் பெயரில் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயிற்று. முதலாம் உலகப் போரின்போது படைவீரர் பூட்ஸின் மேல்தோலுக்கு அது இன்றியமையாததாக இருந்தமையால், அதன் வாணிகத்தை அரசு தன் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. தரிசு நிலத்தில் தானே வளரும் ஆவாரஞ்செடி ஐரோப்பியப் போர்க்களத்தின் தேவைப் பட்டியலில் இடம்பெற்றது இவ்வாறேயாகும்.

ஆல்பிரட் சாட்டர்டன் 1903இல் சென்னையில் தொடங்கிய குரோம் பதனிடு முறை இத்துறையில் அடுத்த கட்டமாகும். முதலில் கவலை ஏற்றத்திற்குரிய தோல் சால்களுக்கு அத்தோல் பயன்பட்டது. நீரில் கிடந்தும் கெடாத தோல் வேண்டும் என்ற உழவனின் தேவையும் படைவீரனின் தேவையும் இவ்விடத்தில் ஒன்றுபடுகின்றன. 1912இல் பல்லாவரத்தை ஒட்டி எழுந்த குரோம் தோல் நிறுவனமே குரோம்பேட்டை என்னும் ஊர்ப்பெயருக்குக் காரணமாயிற்று.

பேணலும் சாதியும்

பட்டையால் பதனிட்ட தோலுக்கு இடையறாத பேணல் தேவை. நனைந்த தோலைத் தீயருகே உலர்த்தினால் அது விறைத்து வெடிக்கும். நிழலில் உலர்த்தி, கொழுப்பும் எண்ணெயும் மெழுகும் சேர்ந்த டப்பின் பூச்சைத் தடவினால் மட்டுமே அதன் நெகிழ்வு நிலைக்கும். தேய்ந்த ஆணியை மாற்றாவிடில் அடித்தோல் தேயும். அடித்தோலை மாற்றாவிடில் தையல் அறும். தையல் அறுந்தால் நீர் புகும். ஈரத்தில் கிடந்த கால் புண்படும். 1914–15ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில் மேலைப் போர்முனைப் பதுங்குகுழிகளில் பல்லாயிரவரைப் படுக்கையில் வீழ்த்திய பாதநோய்க்குக் குளிரும் ஈரமும் இறுக்கமான காலணியுமே காரணங்களாயின.

துலக்குதலும் எண்ணெய் பூசுதலும் சிப்பாயின் கடமை. அடித்தோல் மாற்றுதலும் தைத்தலும் படைப்பிரிவு மோச்சியின் வேலை. இம்மோச்சி, சமையலர், தண்ணீர் சுமப்போர், வண்ணார், துப்புரவாளர் ஆகியோரோடு ‘பின்தொடர்வோர்’ என்னும் வகையில் வைக்கப்பட்டார். அவர் போர்வீரர் அல்லர். ஊதியமும் மதிப்பும் சிப்பாயினதைவிடக் குறைவு. சிப்பாய் நடந்த தொலைவெல்லாம் அவரும் நடந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்டோரின் உழைப்பைப் படை ஏற்றது. அவர்கள் ஆயுதம் தாங்குவதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மறுத்தது. பம்பாய்ப் படையில் நெடுங்காலம் பணியாற்றிய மகர் சமூகத்தாருக்கு 1890களில் ஆளெடுப்பு நிறுத்தப்பட்டது. படையிலும் காவல்துறையிலும் மீண்டும் இடம் வேண்டி, புனேயைச் சேர்ந்த சிவராம் ஜான்பா காம்ப்ளே 1910இல் தம் சமூகத்தார் சார்பில் ஆங்கில அரசுக்கு விண்ணப்பம் அனுப்பச் செய்தார். 1941இல்தான் மகர் படையணி நிலையாக அமைந்தது. தோல் தொழிலோடு இணைத்துப் பேசப்பட்ட சமார் சமூகத்தாருக்கென 1943இல் தோற்றுவித்த படையணியோ 1946இல் கலைக்கப்பட்டது. காலணியைத் தைக்கும் கைக்கும் அதனை அணியும் காலுக்கும் இடையே சாதி இட்ட எல்லையைப் படைநிருவாகமும் தன் விதியாக ஏற்றுக்கொண்டமை இவற்றால் புலனாகிறது.

ஆறாம் புனே படைப்பிரிவு

வழங்கலும் பேணலும் ஒருங்கே முறிந்தால் நேர்வதென்ன என்பதற்கு ஆறாம் புனே படைப்பிரிவின் வரலாறு சான்றாகும். 1914 நவம்பரில் பாரசீக வளைகுடாவின் தலைப்பகுதியில் இறங்கிய இப்பிரிவில் மராட்டியப் படையணிகளும், புனேயை அடுத்த கிர்க்கியைத் தளமாகக் கொண்ட சுரங்கப்படைக் குழுக்களும் இடம்பெற்றன. பாஸ்ராவைக் கைப்பற்றிய பின்னர், டவுன்சென்ட் தலைமையில் அது டைகிரிஸ் ஆற்றின் வழியே பாக்தாதை நோக்கி முன்னேறியது. கோடையில் கொதிமணல், மழைக்காலத்தில் பசைச்சேறு என்னும் இருவகை நிலமும் காலணிக்குக் கொடியவை. படை முன்னேற முன்னேற ஆற்றுவழிப் போக்குவரத்து ஒன்றையே நம்பிய வழங்கல் தொடர் நீண்டு மெலிந்தது.

1915 நவம்பரில் டெசிபோனில் தடைப்பட்ட படை குத் நகருக்குப் பின்வாங்கியது. டிசம்பர் 7இல் தொடங்கிய முற்றுகை 1916 ஏப்ரல் 29இல் சரணடைவில் முடிந்தது. ஏறத்தாழ 13,000 பேர் சிறைப்பட்டனர். பசியால் நலிந்த அவர்களுள் கீழ்நிலை வீரரும் பணியாளரும் குத்திலிருந்து பாக்தாதுக்கும், பின்னர்ச் சமாராவிலிருந்து மோசுல் வழியாக ராஸ் அல் அய்னுக்கும் நடத்திச் செல்லப்பட்டனர். காவலர் பறித்துக்கொண்டமையாலும், ஒரு வேளை உணவுக்கு மாற்றாகக் கொடுத்துவிட்டமையாலும் பலர் பூட்ஸை இழந்தனர். கிழிந்த துணியைக் காலில் சுற்றி நடந்தனர். நடக்க இயலாது பின்தங்கியவர் பாலைவழியில் மடிந்தனர். உயர் அலுவலர்க்கு இத்துயரம் நேரவில்லை. அவர்கள் தனியே கொண்டுசெல்லப்பட்டனர்.

மெசபடோமிய விசாரணைக் குழுவின் 1917ஆம் ஆண்டு அறிக்கை, போக்குவரத்திலும் மருத்துவத்திலும் நேர்ந்த பெருங்குறைகளை வெளிப்படுத்தியது. இந்தியச் செயலராக இருந்த ஆஸ்டின் சேம்பர்லின் பதவி விலகினார். இந்தியச் சிப்பாய்க்கு இலவச உணவு வழங்கும் முறையும் 1917இன் தொடக்கத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. வீரனின் உடலைப் பேணுவது அவனது சொந்தப் பொறுப்பன்று, அரசின் கடன் என்னும் கருத்து மிகுந்த உயிரிழப்பிற்குப் பின்னரே வலுப்பெற்றது.

விடுதலைக்குப் பின்

இக்கடனை விடுதலை பெற்ற நாடும் எப்போதும் முழுமையாக நிறைவேற்றியது எனக் கூற இயலாது. 1962 அக்டோபரில் நாம்கா சூ ஆற்றங்கரையில் சீனப் படையை எதிர்கொண்ட ஏழாம் படைப்பிரிவு வீரர் பலர், பருத்தி உடையோடும் கான்வாஸ் காலணியோடும் பனிமலையில் நின்றனர்.

பிற்காலத்தில் ஆணி அடித்த அடித்தோலுக்கு மாற்றாக, மேல்தோலோடு நேரே வார்த்து ஒட்டிய ரப்பர் அடி வந்தது. நீர் புகும் தையல் குறைந்தது, எடையும் குறைந்தது. ஆனால் மோச்சி அடியை மாற்றிச் செப்பனிடும் வாய்ப்பும் அதனோடு குறைந்தது. அடி தேய்ந்தால் காலணி முழுவதையும் கழித்துப் புதியது தரவேண்டும். முன்பு பட்டறை ஓரளவு ஈடுசெய்த காலத்தாழ்வு, இப்போது நேரே வீரனின் காலைத் தாக்குகிறது. 2020இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை இதற்குச் சான்று பகர்கிறது. 2015 நவம்பர் முதல் 2016 செப்டம்பர் வரை உயர்மலைப் பகுதிக்குரிய பூட்ஸ் கிடைக்காமையால், பயன்படுத்தியவற்றையே சீர்செய்து மீண்டும் அணிய நேர்ந்ததென அது சுட்டியது. காலணி முதலியவற்றை ஆக்கிவந்த படைக்கலத் தொழிற்சாலை வாரியம் 2021 அக்டோபரில் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. உற்பத்தி அமைப்பு மாறினும், உரிய காலத்தில் உரிய அளவில் வழங்கல் என்னும் தேவை மாறவில்லை.

1944இல் புனேயில் நிறுவப்பட்ட செயற்கை உறுப்பு மையம் இங்கு நினைக்கத்தக்கது. இரண்டாம் உலகப் போரில் உறுப்பிழந்த வீரர்க்கெனத் தோன்றிய அம்மையம் இன்றளவும் செயற்கைக் கால் அமைத்துத் தருகிறது. ஒரு காலத்தில் செருப்புக்குரிய விலையையும் சிப்பாயின் தலையில் சுமத்திய படைநிருவாகம், இழந்த காலுக்கும் தானே பொறுப்பேற்கும் நிலைக்கு வந்தமை இம்மையத்தால் தெளிவாகிறது.

முடிவுரை

கும்பினிக் காலத்தில் சிப்பாயின் சொந்தச் செலவாக இருந்த காலணி, போர்களின் படிப்பினையால் படிப்படியாக அரசின் கடமையாக மாறியது. இம்மாற்றத்தில் தமிழகத்தின் ஆவாரம்பட்டைக்கும் தாராவித் தமிழரின் உழைப்புக்கும் பங்குண்டு. எனினும் தோலைப் பதனிட்டோரும் தைத்தோரும் செப்பனிட்டோரும் படைவரலாற்றில் பெயரின்றியே நிற்கின்றனர். படையணிகளின் வெற்றிப் பட்டியல்கள் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. குத்திலிருந்து வெறுங்காலோடு நடந்த மோச்சிக்கு அத்தகைய கல் இல்லை. வழங்கல் பதிவேடுகளையும் பின்தொடர்வோர் பட்டியல்களையும் இலக்கியச் சான்றுகளோடு இணைத்து ஆராய்வது தமிழ்ச் சமூக வரலாற்றுக்குப் பயன்தரும்.