பிரதமர் ஸ்வநிதித் திட்டம்

பிரதமர் ஸ்வநிதித் திட்டம் என்பது கொரோனா பெருந்தொற்றால் வருவாய் இழந்த தெருவோர வணிகர்கள் மீண்டும் தொழில் தொடங்குவதற்காகப் பிணையின்றிச் சிறு கடன் வழங்கும் இந்திய நடுவண் அரசின் திட்டமாகும். 2020 மே 14 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் இதனை அறிவித்தார். வீட்டுவசதி, நகர்ப்புற விவகாரங்கள் அமைச்சகம் 2020 சூன் 1 அன்று இதனைத் தொடங்கியது. காய்கறி, பழம், பூ விற்போர், தேநீர்க்கடை, தள்ளுவண்டி உணவுக்கடை நடத்துவோர் முதலானோர் இதில் அடங்குவர்.

பின்னணி

2020 மார்ச் 24 மாலை முதல் தமிழ்நாட்டிலும் மறுநாள் முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. உணவகங்களில் பொட்டலமாக வாங்கிச் செல்ல மட்டுமே அனுமதி இருந்தது. தமிழ்நாட்டில் அமர்ந்து உண்ண 2020 சூன் 8 முதல் பாதி இருக்கைகளுடன் இசைவு அளிக்கப்பட்டது. "கையேந்தி பவன்" எனப்படும் தெருவோர உணவுக்கடைகள் அன்றாட விற்பனையைக் கொண்டே மறுநாள் சரக்கு வாங்குபவை. விற்பனை நின்றதால் கைமுதல் வீட்டுச் செலவில் கரைந்தது. ஊரடங்கு தளர்ந்தபோது, கடை போட இடம் இருந்தும் சரக்கு வாங்கப் பணம் இல்லாத நிலை ஏற்பட்டது.

கடன் முறை

முதற் கடன் 10,000 ரூபாய் வரை வழங்கப்பட்டது. இதனை ஓராண்டுக்குள் மாதத் தவணைகளில் செலுத்த வேண்டும். ஒழுங்காகச் செலுத்தியவர்களுக்கு அடுத்து 20,000 ரூபாய், அதன்பின் 50,000 ரூபாய் வரை கடன் பெறும் வாய்ப்பு பின்னர் அளிக்கப்பட்டது. தவணை தவறாதோருக்கு ஆண்டுக்கு 7 விழுக்காடு வட்டி மானியம் வங்கிக் கணக்கில் சேர்க்கப்படும். மின்னணு முறையில் பணம் பெறுவோருக்குத் தொடக்கத்தில் ஆண்டுக்கு 1,200 ரூபாய் வரை ஊக்கத்தொகையும் இருந்தது.

தண்டலுடன் ஒப்பீடு

சிறு வணிகர்கள் வழக்கமாக நாடுவது தண்டல் முறையாகும். இதில் 10,000 ரூபாய்க் கடனுக்கு 1,000 ரூபாயை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 9,000 ரூபாய் தருவதும், நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாட்கள் வசூலிப்பதும் பரவலான வழக்கம். நூறு நாட்களில் வட்டி 1,000 ரூபாய் ஆகிறது. வங்கியில் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி எனக் கொண்டால், 10,000 ரூபாயை 12 மாதத் தவணைகளில் செலுத்தும்போது மொத்த வட்டி ஏறத்தாழ 660 ரூபாய். அதில் ஏறத்தாழ 385 ரூபாய் மானியமாகத் திரும்பிவிடும்.

தகுதி

2020 மார்ச் 24 அன்றோ அதற்கு முன்போ நகர்ப்புறத்தில் வணிகம் செய்துவந்தவர்களே தொடக்கத்தில் தகுதி பெற்றனர். அவர்கள் நான்கு வகையினர்:

1. விற்பனைச் சான்றிதழ் அல்லது அடையாள அட்டை பெற்றவர்கள்.
2. கணக்கெடுப்பில் இடம்பெற்றும் சான்றிதழ் கிடைக்காதவர்கள்.
3. கணக்கெடுப்பில் விடுபட்டு, உள்ளாட்சி அமைப்பின் பரிந்துரைக் கடிதம் பெற்றவர்கள்.
4. சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வந்து நகர எல்லைக்குள் விற்று, பரிந்துரைக் கடிதம் பெற்றவர்கள்.

இச்சான்றிதழும் கணக்கெடுப்பும் தெருவோர வணிகர் சட்டம், 2014இன் கீழ் வருபவை. அச்சட்டப்படி ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு நடத்த வேண்டும். நகர விற்பனைக் குழுவில் வணிகர்களின் பங்கு 40 விழுக்காட்டிற்குக் குறையக் கூடாது.

திருவள்ளூர் மாவட்டத்தில்

திருவள்ளூர் மாவட்டத்து ஆரணி ஒரு பேரூராட்சி. (திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி நகரம் வேறு.) பேரூராட்சி நகர்ப்புற உள்ளாட்சி அமைப்பு என்பதால், அதன் எல்லைக்குள் விற்போர் இத்திட்டத்திற்குள் வருகின்றனர். அருகிலுள்ள சிற்றூரிலிருந்து ஆரணிக்கு வண்டி தள்ளி வருபவர் நான்காம் வகையினர். தம் சிற்றூரிலேயே விற்பவருக்கோ தொடக்க விதிகளில் இடமில்லை.

இம்மாவட்டத்தில் தடைகள் தொடர்ந்து வந்தன. 2020 மே 5 அன்று சென்னை கோயம்பேடு சந்தை மூடப்பட்டு, மொத்தக் காய்கறி வணிகம் இம்மாவட்டத்தின் திருமழிசையில் திறந்தவெளிக்கு மாற்றப்பட்டது. செப்டம்பர் இறுதியில்தான் அது கோயம்பேட்டுக்குத் திரும்பியது. சூன் 19 முதல் 30 வரை கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, மீஞ்சூர் உள்ளிட்ட பகுதிகளில் முழு ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டு, தேநீர்க்கடைகள் மீண்டும் மூடப்பட்டன.

பிற நாடுகளில்

லித்துவேனியாவின் தலைநகர் வில்னியசு 2020 ஏப்ரலில் தன் பொதுச் சதுக்கங்களை உணவகங்களுக்குத் திறந்துவிட்டது. நியூயார்க் நகரம் அதே ஆண்டு சூனில் நடைபாதையிலும் சாலையோரத்திலும் மேசைகள் போட இசைவளித்தது. அங்கு கட்டடத்திற்குள் இருந்த கடைக்குத் தெருவில் இடம் தரப்பட்டது. இந்தியாவிலோ தெருவிலேயே இருந்த கடைக்குக் கைமுதல் தரப்பட்டது.

வரம்புகள்

இது உதவித்தொகை அன்று, கடனே. 2021 மே 24 முதல் தமிழ்நாட்டில் காய்கறிக் கடைகளும் மூடப்பட்டு, அரசு ஏற்பாட்டில் வண்டிகளில் மட்டும் விற்பனை நடந்த காலம் போன்ற நாட்களில், முன்னரே கடன் பெற்றவர்களுக்குத் தவணை சுமையாக அமையக்கூடும். மேலும், கடன் பெறுவதற்குச் சான்றிதழோ பரிந்துரைக் கடிதமோ தேவை. கணக்கெடுப்பு முறையாக நடக்காத ஊரில், உண்மையில் கடை நடத்துபவரே ஏட்டில் இல்லாதவராகிவிடுகிறார். எனவே 2014ஆம் ஆண்டுச் சட்டம் எவ்வளவு நடைமுறையாகிறதோ அவ்வளவே இத்திட்டமும் பயன் தரும்.

நீட்டிப்பு

கடன் வழங்கும் காலம் 2024 திசம்பர் வரை இருந்தது. 2025 சூலை 30 வரை 68 லட்சம் வணிகர்களுக்கு 96 லட்சத்திற்கு மேற்பட்ட கடன்களாக 13,797 கோடி ரூபாய் வழங்கப்பட்டிருந்தது. 2025 ஆகத்து 27 அன்று நடுவண் அமைச்சரவை திட்டத்தை 2030 மார்ச் 31 வரை நீட்டித்தது. முதற் கடன் 15,000 ரூபாயாகவும் இரண்டாம் கடன் 25,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன. நகரை ஒட்டிய பகுதிகளுக்கும் படிப்படியாக விரிவாக்க முடிவு செய்யப்பட்டது.

இவற்றையும் பார்க்க

* தெருவோர வணிகர் சட்டம், 2014
* கோயம்பேடு சந்தை
* குறுங்கடன்