வாபஸ் யார் கையில்?

“போனது போகட்டும், கேஸை வாபஸ் வாங்கிடும்மா.” கணவன்மீது புகார் கொடுத்த பெண்ணிடம் புகுந்த வீடும் பிறந்த வீடும் சேர்ந்து சொல்வது இது. அவள் நினைத்தாலும் அது நடக்குமா என்பது எந்தச் சட்டத்தின் கீழ் போனாள் என்பதைப் பொறுத்தது.

ஒன்று, மனைவியைக் கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கி 1983-இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்ந்த 498ஏ பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86-ஆம் பிரிவுகளாக இருக்கிறது. மூன்றாண்டு வரை சிறை. மற்றொன்று, 2006 அக்டோபர் 26-இல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம். இது அடியை நிறுத்த, வீட்டில் இருக்க, பணம் பெற, பிள்ளையை உடன் வைத்துக்கொள்ள உத்தரவு தருகிறது.

போகும் வழியே வேறு. எடுத்துக்காட்டாக, சென்னைப் பகுதியின் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் 2022 ஜனவரி முதல் ஆவடி காவல் ஆணையரகத்தில் இருக்கின்றன. 498ஏ புகார் அங்குள்ள மகளிர் காவல் நிலையத்துக்குப் போகும். இரண்டாவது சட்டத்துக்கு மாவட்டப் பாதுகாப்பு அலுவலரையோ மாஜிஸ்திரேட்டையோ நேரே அணுகலாம். 2018-இல் அம்பத்தூர் வட்டம் சென்னை மாவட்டத்தில் சேர்ந்ததால் அங்குள்ளவருக்குச் சென்னை அலுவலர். ஆவடி, பூந்தமல்லிக்காரருக்குத் திருவள்ளூர் அலுவலர்.

498ஏ வழக்கில் எதிரெதிரே நிற்பவர்கள் அரசும் கணவனும். மனைவி சாட்சி. மனு ரசீது போட்டு ஸ்டேஷனில் பேசிக்கொண்டிருக்கும் கட்டம்வரை எழுதிக் கொடுத்து முடித்துக்கொள்ளலாம். எஃப்.ஐ.ஆர். பதிவானபின் அவள் கையெழுத்து மட்டும் போதாது. இது இருதரப்பும் ராஜியாகி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலில் இல்லை. இருவரும் சமரசம் ஆனால் உயர் நீதிமன்றத்தில்தான் ரத்து கேட்க வேண்டும். உச்ச நீதிமன்றம் பி.எஸ்.ஜோஷி வழக்கில் (2003) அதற்கு வழிவிட்டது. கியான் சிங் வழக்கில் (2012) உறுதி செய்தது. இல்லையென்றால் விசாரணையில் அவள் பிறழ்சாட்சி ஆவாள். கணவன் விடுதலை ஆவான். நடந்த அடியை நடக்கவில்லை என்று கூண்டில் ஏறிச் சொல்வதே அதற்குக் கொடுக்கும் விலை.

குடும்ப வன்முறைச் சட்டத்தில் அவளே மனுதாரர். மனுவை அவளே திரும்பப் பெறலாம். சூழ்நிலை மாறினால் உத்தரவை மாற்றவோ நீக்கவோ கேட்கலாம். ஆலோசனையில் சமரசம் வந்தால், மாஜிஸ்திரேட் இருவரையும் விசாரித்து, ஒப்புக்கொண்டதை உத்தரவாகவே பதிவு செய்ய விதியிருக்கிறது. ஸ்டேஷனில் எழுதி வாங்கும் வெற்றுக் காகிதத்துக்கு இந்தப் பலம் கிடையாது. ஆனால் பாதுகாப்பு உத்தரவை அவன் மீறினால் அது குற்றம்: ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ, ஜாமீனில் வராத பிரிவு. அதை நிரூபிக்க அவளுடைய சாட்சியம் ஒன்றே போதுமானதாகக் கொள்ளப்படலாம்.

வாபஸுக்குப் பின் மறுபடி சட்டத்திடம் திரும்பி வருவதிலும் வேறுபாடு உண்டு. 498ஏ குற்றத்தை நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்க மூன்றாண்டு காலவரம்பு. குடும்ப வன்முறைச் சட்டத்தில் நிவாரணம் கேட்கும் மனுவுக்கு அந்த வரம்பு பொருந்தாது என்று, தமிழ்நாட்டிலிருந்து போன காமாட்சி – லட்சுமி நாராயணன் வழக்கில் 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

அப்படியானால் எது நல்லது? வாபஸ் அவள் கையில் இருந்தால் நெருக்கடியும் அவள் மேல்தான் விழும். அரசின் கையில் இருந்தால், “என் கையில் இல்லை” என்று அவள் சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் கணவன் ஜெயிலுக்குப் போக வேண்டாம், அடி நின்றால் போதும் என்பவளுக்கு அந்த வழக்கு பாரமாகிவிடும். அமெரிக்காவில் பல ஊர்களின் அரசு வழக்கறிஞர்கள், மனைவி மறுத்தாலும் வழக்கை விடாத கொள்கையை எடுத்தபோதும் இதே வாதம்தான் எழுந்தது.

நடுவழி ஒன்றைப் பக்கத்து மாநிலம் முயன்றது. ஆந்திரம் 2003-இல் திருத்தம் செய்து, நீதிமன்ற அனுமதியோடு 498ஏ வழக்கில் ராஜியாக இடம் கொடுத்தது. ஆனால் கேட்ட நாளிலிருந்து மூன்று மாதம் கழிய வேண்டும் என்றது. அதற்குள் மனம் மாறினால் ராஜி இல்லை. அந்த மூன்று மாதம்தான் முக்கியம். மிரட்டிப் பெற்ற சம்மதம் அவ்வளவு நாள் தாங்குவது கடினம். வாபஸ் முடியுமா என்பதைவிட, அதைக் கேட்பது அவள்தானா என்று பார்க்க நேரம் ஒதுக்குகிறார்களா என்பதே பெரிய கேள்வி. மத்திய அரசின் இவ்விரு சட்டங்களிலும் அப்படி ஓர் இடைவெளி எழுதப்படவில்லை.