மேல்வளி அளவீட்டின் வரலாறு

மேல்வளி அளவீடு என்பது தரையிலிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. உயரம் வரை காற்றின் அழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதம், வீசும் திசை, வேகம் ஆகியவற்றை அளந்தறியும் முறையாகும். மேகமும் மழையும் உருவாவது மேலே என்பதால், தரைக் கருவிகளை மட்டும் கொண்டு வானிலையை முழுமையாக அறிய முடியாது. கருவியை மேலே கொண்டுசெல்ல மலையும் பலூனும் உதவின. அது காட்டிய அளவை உரிய நேரத்தில் கீழே கொண்டுவருவதுதான் நெடுங்காலம் தீராத சிக்கலாக இருந்தது.

மலையும் மடமும்

பாதரசம் நிரப்பிய கண்ணாடிக் குழாயைக் கிண்ணத்தில் கவிழ்த்தால் பாதரசம் முழுவதும் இறங்கிவிடாமல் ஓரளவு உயரத்தில் நிற்பதற்குக் காற்றின் எடையே காரணம் என்று இத்தாலியரான டாரிசெல்லி 1644இல் எழுதினார். அப்படியானால் மலை உச்சியில் பாதரசம் இன்னும் தாழ வேண்டும் என்று பிரான்சில் பாஸ்கல் எண்ணினார். அவர் கேட்டுக்கொண்டபடி, அவருடைய தமக்கை கணவர் பெரியே 1648 செப்டம்பர் 19 அன்று புய் தெ தோம் மலையில் ஏறினார். உச்சியில் பாதரசம் மூன்று அங்குலத்துக்கும் மேல் தாழ்ந்து நின்றது.

இச்சோதனையில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. அடிவாரத்து கிளேர்மோன் நகரில், மடத்தில் இன்னொரு குழாயை வைத்து, ஒரு துறவி நாள் முழுவதும் அதைக் கவனித்துவந்தார். அதில் பாதரசம் அசையவில்லை. அன்றைய வானிலை மாறியதால்தான் மலையில் அளவு குறைந்தது என்று யாரும் சொல்ல முடியாமல் போனதற்கு அந்தக் குழாயே காரணம்.

பலூனில் மனிதர்கள்

1783 டிசம்பரில் சார்ல் என்ற பிரெஞ்சு அறிவியலாளர் ஹைட்ரஜன் பலூனில் பாரமானியும் வெப்பமானியும் எடுத்துச் சென்றார். 1804இல் கே-லுசாக் தனியாக 7,000 மீட்டர் உயரத்தை எட்டி, காற்று மாதிரிகளைப் பிடித்துவந்தார். மேலே உள்ள காற்றும் தரைக்காற்றும் ஒரே கலவைதான் என்று அவற்றால் தெரிந்தது.

அக்காலத்தில் கருவியைப் படிக்க ஒரு மனிதர் உடன் செல்வது தவிர வேறு வழியில்லை. அதன் விலையை 1862 செப்டம்பர் 5 காட்டியது. கிரீனிச் வானாய்வகத்தின் ஜேம்ஸ் கிளேஷரும் பலூனோட்டி ஹென்றி காக்ஸ்வெல்லும் இங்கிலாந்தின் உல்வர்ஹாம்ப்டனிலிருந்து புறப்பட்டனர். ஏறத்தாழ 8,800 மீட்டரில் கடைசி அளவைக் குறித்தபின் கிளேஷர் நினைவிழந்தார். குளிரில் கைகள் மரத்துப்போன காக்ஸ்வெல், வாயு வெளியேறும் அடைப்பின் கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்துப் பலூனைக் கீழே இறக்கினார். கிளேஷர் கண்விழித்ததும் மீண்டும் அளவுகளைக் குறிக்கத் தொடங்கினார். 1875இல் பிரான்சின் ‘செனித்’ பலூனில் சென்ற மூவருக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. சிவெல், குரோசே-ஸ்பினெல்லி ஆகிய இருவர் மேலேயே இறந்தனர். உயிர் பிழைத்த திசாந்தியே செவித்திறனை இழந்தார்.

ஆளில்லாப் பலூன்கள்

1892இல் எர்மித், பெசான்சோன் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் அளவுகளைத் தானே பதிவுசெய்யும் கருவியைப் பலூனில் கட்டி, ஆளில்லாமல் அனுப்பத் தொடங்கினர். உயிருக்கு ஆபத்து நீங்கியது. ஆனால் கருவி விழுந்த இடத்தில் யாராவது கண்டெடுத்து அனுப்பும்வரை பதிவு கிடைக்காது. காட்டிலோ கடலிலோ விழுந்தால் அதுவும் இல்லை.

இப்படிக் கிடைத்த பதிவுகளே பெரிய கண்டுபிடிப்புக்கு இட்டுச்சென்றன. பாரிசுக்கு அருகிலுள்ள திராப்பில் தெஸ்ரென் தெ போர் இருநூறுக்கும் மேற்பட்ட பலூன்களைப் பறக்கவிட்டார். மேலே செல்லச் செல்லக் குளிர் கூடிக்கொண்டே போகும் என்று அதுவரை கருதப்பட்டது. அவருடைய பதிவுகளிலோ ஏறத்தாழ 11 கி.மீ.க்கு மேல் வெப்பநிலை குறைவது நின்றுவிட்டது. வெயில் பட்டுக் கருவி சூடேறியிருக்குமோ என்ற ஐயம் நீங்க, இரவிலும் பலூன்களை அனுப்பினார். முடிவு மாறாதபின் 1902 ஏப்ரலில் அதை வெளியிட்டார். அடிவளி மண்டலத்துக்கு மேல் அடுக்கு மண்டலம் இருப்பது இவ்வாறு தெரியவந்தது. சில நாட்களில் பெர்லினின் அஸ்மானும் அதே முடிவை அறிவித்தார்.

இந்தியாவில் ஆக்ராவிலிருந்து அனுப்பப்பட்ட பலூன்களின் பதிவுகளை, பாலக்காட்டை அடுத்த கல்பாத்தியில் பிறந்த கே. ஆர். இராமநாதன் ஆராய்ந்தார். அவர் 1929இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட முடிவு வியப்பூட்டுவது: கீழ்வளியின் மிகக் குளிர்ந்த காற்று துருவங்களுக்கு மேலே இல்லை, வெப்பம் மிகுந்த நிலநடுக்கோட்டுக்கு மேலே, ஏறத்தாழ 17 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. ஐரோப்பாவில் 11 கி.மீ. அளவில் நின்றுவிடும் வெப்பநிலைக் குறைவு, இங்கே இன்னும் பல கி.மீ. தொடர்வதே காரணம்.

வானொலியின் வருகை

இந்தப் பதிவுகளால் அறிவியல் வளர்ந்தது. நாளைய மழையைச் சொல்ல அவை பயன்படவில்லை. வாரங்கள் கழித்துக் கிடைக்கும் அளவு முன்னறிவிப்புக்கு உதவாது. 1929 ஜனவரி 7 அன்று இராபர்ட் பியூரோ, தெஸ்ரென் தெ போர் நிறுவிய அதே திராப் ஆய்வகத்தில், சிறு வானொலி பரப்பி பொருத்திய பலூனைப் பறக்கவிட்டார். பலூன் மேலே இருக்கும்போதே வெப்பநிலை தரைக்கு வந்துசேர்ந்தது. இக்கருவிக்கு ‘ரேடியோசோண்டு’ என்று பெயரிட்டவரும் அவரே. ஓராண்டுக்குப் பின் 1930 ஜனவரி 30 அன்று சோவியத் ஒன்றியத்தில் மல்ச்சானவ் தமது கருவியை அனுப்பினார். இரண்டாம் உலகப்போரின்போது ரேடாரால் பலூனைத் தொடர்ந்து, மேகத்துக்கு மேலும் காற்றின் வேகத்தைக் கணக்கிட முடிந்தது.

விண்ணிலிருந்து

1960 ஏப்ரல் 1 அன்று ஏவப்பட்ட டைரோஸ்-1 செயற்கைக்கோள் மேகங்களைப் படம்பிடித்தது. படம் வேறு, அளவு வேறு. காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு வெளிவிடும் அகச்சிவப்புக் கதிர்களிலிருந்து பல்வேறு உயரங்களின் வெப்பநிலையைக் கணக்கிடும் கருவி, 1969 ஏப்ரலில் நிம்பஸ்-3 செயற்கைக்கோளில்தான் சென்றது. அதன் முதல் கணக்கு சரியா என்பதை, ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பறந்த ரேடியோசோண்டின் அளவோடு ஒப்பிட்டே அறிந்தனர். கிளேர்மோன் மடத்துக் குழாய் செய்த வேலையை இப்போது பலூன் செய்தது.

பலூன் நிலையங்கள் அரிதான பெருங்கடல்களின் மேல் செயற்கைக்கோள்களும் பயணிகள் விமானங்களும் அளவெடுக்கின்றன. 2020இல் கொரோனாத் தொற்றால் விமானங்கள் முடங்கியபோது, வானிலை மையங்களுக்கு வரும் விமானத் தரவுகள் பெருமளவு குறைந்தன.

பலூன்கள் மட்டும் நாள்தோறும் பறக்கின்றன. உலகெங்கும் ஒரே நேரத்துக்குரிய அளவு வேண்டும் என்பதால், இந்திய நேரப்படி காலை 5.30, மாலை 5.30 என்ற இரு பொழுதுகளை ஒட்டி அவை விடப்படுகின்றன. சென்னை மீனம்பாக்கமும் அத்தகைய நிலையங்களில் ஒன்று. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் 30 கி.மீ. உயரத்தை நெருங்கி, பலூன் உப்பி வெடிக்கிறது. கருவி எங்கோ வயலிலோ கடலிலோ விழுகிறது. பெரும்பாலும் யாரும் அதைத் தேடிப் போவதில்லை.