கல்லுக்கு விலை எது?



சென்ற ஆண்டு ஏலத்தோட்டத்தில் கூலி வேலை செய்யும் ஒரு தாய், ஒரு மோதிரத்தை என் முன் வைத்தார். மகனுக்கு வேலை கிடைக்க வேண்டுமென்று காதுத்தோட்டை அடகு வைத்து வாங்கிய ராசிக்கல். "சாமி, இதை மந்திரிச்சுக் கொடுங்க" என்றார்.

நம் நாட்டில் மணிக்கற்களின் வரலாறு நெடியது. காங்கேயத்துக்கு அருகே படியூரில் நீலப்பச்சை நிறப் பெரில் கல் கிடைத்தது. நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் கற்களை அறுத்து, துளையிட்டு, மெருகேற்றி மணிகளாக்கினார்கள். 1985 முதல் நடந்த அகழாய்வுகளில், செய்து முடித்த மணிகளோடு பாதியில் நின்றவையும் கிடைத்தன. இந்தியப் பெரிலை முதல் நூற்றாண்டு ரோமானியர் பிளினி புகழ்ந்து எழுதினார். சாதாரணப் பளிங்குக்குச் சாயமேற்றிப் போலி செய்வதையும் அவரே குறித்து வைத்தார். ஏமாற்று அன்றே இருந்தது!

கொடுமணலின் ஒரு கல்லறையில் மட்டும் 2,000-க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன. அத்தனை மணியும் அவரைச் சாவிலிருந்து காக்கவில்லை. அவர் பெயரும் நமக்குத் தெரியாது.

இப்போது நம் மாவட்டத்துக்கு வருவோம். ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த நடுகற்கள் வெறும் பாறைத்துண்டுகள். ஆனால் ஒன்றில், ஆநிரைப் பூசலில் மாண்ட அந்தவன் என்பவரின் பெயர் இருக்கிறது. கூடலூர் என்ற ஊர்ப்பெயரும் இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டு கடந்தும் அவரை நாம் பெயர் சொல்லி நினைக்கிறோம்.

விடுதலைப் பயண நூல் 28-ஆம் அதிகாரத்தில், தலைமைக்குரு ஆரோனின் மார்புப்பட்டையில் பன்னிரு மணிக்கற்கள் பதிக்கப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் இஸ்ரயேலின் ஒரு குலத்தின் பெயர். அந்தக் கற்கள் அதிர்ஷ்டம் தருவதற்காக அல்ல. மக்களை நெஞ்சில் சுமந்து ஆண்டவர் திருமுன் நிற்பதற்காக. ஆகவேதான் தாயத்து அணிவதைத் திருச்சபையின் மறைக்கல்வி கண்டிக்கிறது. அழகுக்காகக் கல் அணிவது பாவமல்ல. கடவுளிடம் வைக்கவேண்டிய நம்பிக்கையைக் கல்லிடம் வைப்பதே தவறு.

அந்த மோதிரத்தை நான் மந்திரிக்கவில்லை. மகனின் பெயரைக் கேட்டேன். அன்று மாலைத் திருப்பலியில் அந்தப் பெயரைச் சொல்லி மன்றாடினோம். அந்தத் தாய் முன்வரிசையில் இருந்தார்.

உங்கள் பிள்ளைகளுக்காகக் கடன் வாங்கிக் கல் வாங்காதீர்கள். அவர்கள் பெயரை இறைவன் முன் கொண்டு வாருங்கள். அவர் அவர்களைத் தம் நெஞ்சில் சுமக்கிறார். ஆமென்.